ஒரு ஷூட்டருக்கு நான்கு தேர்வுரிமைகள்

2025 ஜூன் 15. ஓக்லஹோமா சிட்டிக்கும் இந்தியானாவுக்கும் இடையிலான என்பிஏ இறுதிச்சுற்று இன்னும் முடியவில்லை. கோப்பை யாருக்கு என்று தெரிவதற்கு முன்பே, அடுத்த சீசனுக்கான பெரிய வேலையை ஆர்லாண்டோ மேஜிக் அணியின் நிர்வாகம் முடித்துவிட்டது. மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணியிடமிருந்து டெஸ்மண்ட் பேனை அது வாங்கியது. அதற்குக் கொடுத்தவை: கென்டேவியஸ் கால்டுவெல்-போப், கோல் ஆந்தனி என்ற இரண்டு வீரர்கள், 2025, 2026, 2028, 2030 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் நான்கு, போதாததற்கு 2029இல் தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒன்று. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், புதிய வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்தான் பெருநகரங்களைச் சேராத அணிகளுக்கு இருக்கும் ஒரே நம்பகமான சொத்து. அந்தச் சொத்தில் இவ்வளவு பெரிய பங்கைக் கொடுத்து வாங்கப்பட்டவரோ, அதுவரை ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகாதவர். விலை மிக அதிகம் என்ற விமர்சனம் அன்று மாலையே எழுந்துவிட்டது.

அந்த விமர்சனம் தவறு என்பது என் கருத்து. பேன் அடுத்தடுத்த சீசன்களில் எத்தனை புள்ளி எடுத்தார், ஆர்லாண்டோ எத்தனை வெற்றி பெற்றது என்ற கணக்கை வைத்து இதைச் சொல்லவில்லை. காயமும் அதிர்ஷ்டமும் கலந்த ஒரு விளையாட்டில் முடிவின் தரத்தை விளைவிலிருந்து பின்னோக்கி அளப்பது நியாயம் ஆகாது. அன்றைக்கு நிர்வாகத்தின் மேசைமேல் இருந்த தகவல்களைக் கொண்டுதான் அதை எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால், அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் ஜெஃப் வெல்ட்மன் செய்தது சரியான காரியம். எதிர்த்துப் பேசுபவர்கள் ஒரு ஷூட்டரின் மதிப்பை அவர் கையிலிருந்து புறப்படும் பந்துகளைக் கொண்டு மட்டுமே அளக்கிறார்கள். அந்த அளவுகோலே பிழையானது.

முதலில் ஆர்லாண்டோ எங்கே நின்றது என்று பார்ப்போம். 2024-25 சீசனில் அந்த அணி 41 ஆட்டங்களில் வென்று 41 ஆட்டங்களில் தோற்றது. பாதுகாப்பு ஆட்டத்தில் 30 அணிகளில் இரண்டாம் இடம். தாக்குதல் ஆட்டத்தில் 27ஆம் இடம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்துகளில் 31.8 சதவீதம் மட்டுமே கூடையில் விழுந்தன. அந்த ஆண்டில் எந்த அணியும் இவ்வளவு மோசமாக எறியவில்லை. இத்தனைக்கும் அணியில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2022 டிராஃப்டின் முதல் தேர்வான பாவ்லோ பான்கேரோ ஆட்டத்துக்குச் சராசரியாக 25.9 புள்ளிகளும், ஜெர்மனிக்காரரான ஃபிரான்ஸ் வாக்னர் 24.2 புள்ளிகளும் எடுத்தார்கள். இருவரும் பந்தைத் தாங்களே கொண்டுபோய் எதிரணியின் பாதுகாப்பை உடைக்கக்கூடியவர்கள். இப்படிப்பட்ட ஒருவர் கிடைப்பதற்கே அணிகள் பத்தாண்டு காத்திருக்கின்றன. ஆர்லாண்டோவிடம் இருவர் இருந்தார்கள். அப்படியிருந்தும் தாக்குதலில் கடைசி வரிசையில் கிடந்த ஓர் அணியைப் பார்த்து, கோளாறு எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது.

கணக்கு ஒன்றைப் போடலாம். ஆர்லாண்டோ ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 35 முறை மூன்று புள்ளிக்கு எறிந்தது. லீக்கின் சராசரி வெற்றி விகிதம் 36 சதவீதத்தை ஒட்டியது. ஆர்லாண்டோ வெறும் சராசரி அணியாக எறிந்திருந்தால்கூட ஆட்டத்துக்கு ஒன்றரைப் பந்து கூடுதலாக விழுந்திருக்கும். அதாவது நான்கு புள்ளிக்கு மேல். ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு புள்ளி முன்னேற்றம் என்பது 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இரண்டு, மூன்று வெற்றிகளாக மாறும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஆகவே 41 வெற்றிக்கும் 50 வெற்றிக்கும் இடையே நின்றது பெரும்பாலும் இந்த ஒரு குறைதான்.

இந்த இடத்தில் விமர்சகர்கள் தங்கள் வலுவான கணக்கை எடுத்து வைக்கிறார்கள். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேன் 2024-25இல் மெம்பிஸ் அணிக்காக ஆட்டத்துக்கு ஆறு முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 39.2 சதவீதம் வெற்றி கண்டார். அந்த ஆறு எறிதல்களையும் ஆர்லாண்டோவின் 31.8 சதவீதக் கைகள் எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வித்தியாசம் ஆட்டத்துக்கு ஒன்றே கால் புள்ளி, மிஞ்சிப்போனால் ஒன்றரை. இதற்காகவா நான்கு தேர்வுரிமைகள்? பேனின் சொந்த எறிதல்கள் மட்டுமே பேனின் பங்களிப்பு என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. விலை கொள்ளைதான்.

ஆனால் கூடைப்பந்து அப்படி ஆடப்படுவதில்லை. ஐந்து பேர் தாக்க, ஐந்து பேர் தடுக்கும் ஆட்டத்தில் எல்லாமே இடத்துக்கான போட்டி. கோட்டுக்கு வெளியே நிற்பவர் எறிந்தால் விழாது என்று தெரிந்தால், அவரைக் காவல் காப்பவர் இரண்டடி மூன்றடி உள்ளே நகர்ந்து கூடைக்குக் கீழே கூட்டம் சேர்ப்பார். அடித்து ஆடத் தெரியாத மட்டையாளர் வந்தால் கிரிக்கெட் கேப்டன் பவுண்டரியில் நிற்பவர்களை உள்வட்டத்துக்கு அழைத்து ஒற்றை ஓட்டத்தையும் அடைத்துவிடுவதைப் போன்றது இது. பான்கேரோ பந்தோடு உள்ளே பாய்ந்தபோதெல்லாம் அவருக்கு முன் ஒருவரல்ல, மூவர் நின்றார்கள். அவர் வெளியே தள்ளிவிடும் பந்தை வாங்கியவர் தவறவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்த மூவரும் அங்கே நிற்கத் துணிந்தார்கள். 2025 பிளே-ஆஃப் முதல் சுற்றில் பாஸ்டனிடம் ஆர்லாண்டோ 4-1 என்று தோற்ற தொடர் முழுக்க இந்தக் காட்சிதான். ஒரு நல்ல ஷூட்டர் களத்தில் நின்றால் அவரைக் காப்பவர் அவரை விட்டு நகர முடியாது. மூவர் கூட்டம் இருவராகக் குறையும். அந்த இடைவெளியில் பான்கேரோ எடுக்கும் புள்ளி ஸ்கோர் அட்டையில் பான்கேரோ பெயரில்தான் ஏறும். அதற்குப் பேன் செய்த உதவி எந்தப் பத்தியிலும் பதிவாகாது.

இந்தப் பாடத்தை ஆர்லாண்டோ வேறு ஊரிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. 2006-07இல் அந்த அணி 40 ஆட்டங்களில் வென்று, பிளே-ஆஃப் முதல் சுற்றில் டெட்ராய்ட்டிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. டுவைட் ஹோவர்ட் என்ற மாபெரும் சென்டர் அப்போதே அணியில் இருந்தார். அந்தக் கோடையில் அன்றைய பொது மேலாளர் ஓடிஸ் ஸ்மித், சியாட்டிலில் ஆடிக்கொண்டிருந்த ரஷார்ட் லூயிஸுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 11 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தம் கொடுத்தார். அதைக் கேலி செய்யாத ஆளில்லை. புதிய பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டி, உயரமான லூயிஸைக் கூடைக்கு அருகே நிறுத்தாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார். நடுவில் ஹோவர்ட் ஒருவர், சுற்றிலும் ஷூட்டர்கள் நால்வர். அடுத்த ஆண்டு 52 வெற்றி, அதற்கடுத்த ஆண்டு 59 வெற்றி. 2009 ஜனவரி 13 அன்று சாக்ரமென்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 மூன்று புள்ளிப் பந்துகளைக் கூடையில் போட்டு அன்றைய என்பிஏ சாதனையைப் படைத்தது அந்த அணி. அந்த சீசனில் லீக்கிலேயே அதிக மூன்று புள்ளிப் பந்துகளைக் கூடையில் போட்டவர் லூயிஸ், மொத்தம் 220. கிழக்குப் பிரிவு இறுதியில், 66 வெற்றிகளோடு வந்த லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்தை 4-2 என வீழ்த்தி ஆர்லாண்டோ இறுதிச்சுற்றுக்குப் போனது.

லூயிஸ் அந்தப் பணத்துக்கு ஏற்ற நட்சத்திரமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் பின்பாதி சுமையாகவே ஆனது. 2010 டிசம்பரில் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பி கில்பர்ட் அரினாஸை வாங்கியது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் லூயிஸின் விலையில் ஒரு பங்கு ஹோவர்டின் ஆட்டத்தைத் திறந்துவிட்டதற்கான விலை. ஹோவர்ட் இல்லாத அணிக்கு லூயிஸ் அவ்வளவு பெறமாட்டார். ஹோவர்ட் இருக்கும் அணிக்கு அதற்கும் மேலே பெறுவார். ஷூட்டரின் விலையைச் சந்தை நிர்ணயிப்பதில்லை, அவரைச் சுற்றியிருக்கும் நால்வர் நிர்ணயிக்கிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 2025இல் பேனைத் தன் அணிக்குள் வைத்து மெம்பிஸ் போட்ட மதிப்பும், பான்கேரோ, வாக்னர் இருவரோடும் சேர்த்து ஆர்லாண்டோ போட்ட மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜா மொரான்டைச் சுற்றி அமைத்த அணியைக் கலைத்து அடுக்க முடிவு செய்த மெம்பிஸுக்கு எதிர்காலத் தேர்வுகள் தேவைப்பட்டன. ஆர்லாண்டோவுக்கு நிகழ்காலம் தேவைப்பட்டது. இருவருமே லாபம் அடையக்கூடிய வியாபாரம் இது.

பந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமலே ஆட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு இன்னொரு சான்று போதும். 2016 டிசம்பர் 5 அன்று கோல்டன் ஸ்டேட் அணியின் கிளே தாம்சன், இந்தியானாவுக்கு எதிராக 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்தார். அந்த 60 புள்ளிகளுக்கு அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை; பந்து அவர் கையில் இருந்த மொத்த நேரம் ஒன்றரை நிமிடம். இதே தாம்சனைக் கொடுத்து கெவின் லவ்வை வாங்கும் பேச்சு 2014 கோடையில் நடந்தது. லவ் அப்போது அதிக புள்ளியும் அதிக ரீபவுண்டும் எடுக்கும் பெரிய பெயர். கோல்டன் ஸ்டேட் நிர்வாகம் கடைசியில் மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டே அந்த அணி கோப்பை வென்றது. ஸ்டெஃபன் கரிக்குப் பக்கத்தில் தாம்சன் நிற்பதன் மதிப்பை அவர்கள் சரியாக உணர்ந்திருந்தார்கள்.

அப்படியானால் 2024இல் ஆர்லாண்டோ இதே மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்ததே, ஏன் பலிக்கவில்லை? இது நியாயமான கேள்வி. டென்வரில் கோப்பை வென்ற கால்டுவெல்-போப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6.6 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். டென்வரில் 40 சதவீதத்தை ஒட்டி எறிந்தவர் ஆர்லாண்டோவில் 34.2 சதவீதம்தான் எறிந்தார். அவரைத்தான் பேனுக்காக விட்டுக்கொடுத்தார்கள். ஆர்லாண்டோவுக்கு வரும் ஷூட்டர்களின் கை கெட்டுப்போகிறது என்று சிலர் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். எனக்கு இதில் தெரிவது வேறு. டென்வரில் அவருக்குப் பந்து கொடுத்தவர் நிகோலா யோக்கிச். எறியும் கைக்குச் சரியாக, காவல் விலகிய நொடியில் பந்து வந்து சேரும்; இவர் எறிந்தால் போதும். தனக்கான வாய்ப்பைத் தானே உருவாக்கும் வேலையை அவர் அங்கே செய்யவில்லை. ஆர்லாண்டோவில் அப்படிப் பந்து கொடுக்க ஆளில்லை. வாங்க வேண்டியது வெறும் எறியும் கையை அல்ல, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும், காவலர் பாய்ந்து வந்தால் அவரைத் தாண்டிப் போகவும், அடுத்தவருக்குப் பந்து தரவும் தெரிந்த ஷூட்டரை என்பதை நிர்வாகம் அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டது. கற்ற பாடத்துக்குக் கட்டணம் கட்டியிருக்கிறது. அது பழியல்ல.

வெறும் கையை மட்டும் வாங்கியவர்களின் கதையும் நம் முன் இருக்கிறது. 2019-20இல் 42.4 சதவீதம் எறிந்த லாட்வியர் டேவிஸ் பெர்டான்ஸுக்கு வாஷிங்டன் ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவரை டல்லஸுக்கு அனுப்பிவிட்டது. மயாமி, யாரும் தேர்ந்தெடுக்காத டங்கன் ராபின்சனை வளர்த்தெடுத்து, 2021இல் ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அடுத்த ஆண்டு பிளே-ஆஃபில் அவர் ஆடும் வரிசையிலிருந்தே நழுவினார். காரணம் சிக்கலானதல்ல. பிளே-ஆஃபில் எதிரணி பயிற்சியாளர், தடுக்கத் தெரியாத ஷூட்டரைத் தேடிப் பிடித்து அவர்மீதே தாக்குதலை ஏவுவார். அவர் தரும் மூன்று புள்ளியை மறுமுனையில் அவர் விட்டுக்கொடுக்கும் இரண்டு புள்ளிகள் தின்றுவிடும். பேன் இந்த வகை அல்ல. மெம்பிஸில் கடைசி ஆண்டு அவருடைய சராசரி 19.2 புள்ளி, 6.1 ரீபவுண்ட், 5.3 அசிஸ்ட். திடமான உடல், எதிராளி இடித்தால் நகராத கால். 2021-22இல் மொரான்ட் காயத்தால் ஆடாத 25 ஆட்டங்களில் மெம்பிஸ் 20இல் வென்றது. அது ஒருவரால் வந்த வெற்றி அல்லதான். ஆனாலும் பந்து தன் கைக்கு வரும்போது பதறாத ஆள் பேன் என்பதை அந்த ஆண்டு காட்டியது. ஐந்து சீசன்களின் மொத்தக் கணக்கில் அவருடைய மூன்று புள்ளி விகிதம் 41 சதவீதம். ஒரு நல்ல ஆண்டின் மயக்கத்தில் வாங்கப்பட்டவர் அல்ல.

இனி தேர்வுரிமைகளுக்கு வருவோம். பேனே 2020 டிராஃப்டில் 30ஆவது ஆளாக, முதல் சுற்றின் கடைசித் தேர்வாக வந்தவர். அப்படியிருக்க நான்கு உரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பேனைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதே 2020இல் ஆர்லாண்டோ 15ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தது கோல் ஆந்தனியை. அதற்கு முந்தைய ஆண்டு 16ஆம் இடத்தில் சூமா ஒகேகேவை. 2023இல் ஷூட்டர் வேண்டும் என்பதற்காகவே 11ஆம் இடத்தில் ஜெட் ஹோவர்டை எடுத்தது. 2025 வரை அவரால் நிலையான இடத்தைப் பிடிக்க முடியவில்லை. இவர்கள் யாரும் திறமையற்றவர்கள் அல்லர். நடு வரிசைத் தேர்வு என்றால் பொதுவாக இதுதான் கிடைக்கும். பேன் ஒருவர் கிடைத்த கதை நினைவில் நிற்பதே, அவரைப்போல் கிடைக்காமல் போனவர்கள் ஏராளம் என்பதால்தான். மேலும் ஆர்லாண்டோ நன்றாக ஆடினால் 2028, 2030 தேர்வுகள் வரிசையின் பின்புறம் போகும். அவற்றின் மதிப்பு தானாகக் குறையும். இந்த வியாபாரத்தின் விலையே அது வெற்றி பெறுகிறதா என்பதைப் பொறுத்து மாறும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

புரூக்ளினை நினைவூட்டி எச்சரிப்பவர்களும் உண்டு. 2013இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவருக்காகப் பாஸ்டனுக்கு அள்ளிக் கொடுத்த தேர்வுகளிலிருந்துதான் ஜேலன் பிரவுன் வந்தார், ஜேசன் டேட்டமும் வந்தார். புரூக்ளின் பல ஆண்டு தலைதூக்கவில்லை. அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. பேனுக்கு வியாபாரம் நடந்த மாதத்தில்தான் 27 நிறைந்தது. பான்கேரோவுக்கு 22, வாக்னருக்கு 23. புரூக்ளின் வாங்கியது அந்தி. ஆர்லாண்டோ வாங்கியது நண்பகல். அதே காரணத்துக்காகத்தான் கெவின் டுராண்ட் கதையும் இங்கே பொருந்தாது. பேன் வியாபாரத்துக்கு ஒரு வாரம் கழித்து ஹூஸ்டன் டுராண்டையே வாங்கியது. கொடுத்தது ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், ஒரு முதல் சுற்றுத் தேர்வு, ஐந்து இரண்டாம் சுற்றுத் தேர்வுகள். பேனைவிடப் பல மடங்கு பெரிய வீரர் இவ்வளவு மலிவாகவா என்று ஆர்லாண்டோ ரசிகர்கள் பலர் நொந்துபோனார்கள். டுராண்டுக்கு 37 வயதாக மூன்று மாதமே மீதி. கையிலிருந்த ஒப்பந்தத்திலும் ஓராண்டே மீதி. பேனோ 2023இல் போட்ட, ஏறத்தாழ 20 கோடி டாலர் பெறுமானமுள்ள ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி 2028-29 வரை இருக்கிறார். நான்கு முழு சீசன்களுக்கும் ஒரு சீசனுக்கும் ஒரே விலை இருக்க முடியாது.

காயங்களைக் காரணம் காட்டி, ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம் என்ற வாதத்தை நான் வேகமாகக் கடந்து போகிறேன். 2024-25இல் பான்கேரோ 46 ஆட்டங்களும் ஜேலன் சக்ஸ் 35 ஆட்டங்களும் மட்டுமே ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய சீசனில், பெரும்பாலும் நலமாக இருந்த இதே அணி 47 ஆட்டங்களில் வென்றபோதும் தாக்குதலில் லீக்கின் கீழ் மூன்றில் ஒரு பகுதியில்தான் இருந்தது. முதல் சுற்றில் கிளீவ்லாந்திடம் ஏழு ஆட்டத் தொடரில் தோற்றதும் அந்தக் குறையோடுதான். குணமாகி வந்த உடம்பு ஷூட்டிங்கைக் கற்றுக்கொடுக்காது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது பணத்தைப் பற்றி. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம், சம்பளச் செலவில் ஒரு குறிப்பிட்ட இரண்டாம் எல்லையைத் தாண்டும் அணிகளின் கையைக் கட்டிவிடுகிறது. அந்த அணிகள் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது. நடுத்தரச் சம்பளத்தில் புதியவரை எடுக்கும் சலுகை கிடையாது. ஏழு ஆண்டு தள்ளியுள்ள தங்கள் தேர்வுரிமையை விற்கவும் முடியாது. வாக்னருக்கு 22.4 கோடி டாலர், சக்ஸுக்கு 15 கோடி டாலர், பேனுக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர். இதற்கு மேல் 2025 ஜூலையில் பான்கேரோவுக்கும் ஐந்தாண்டு உச்ச ஒப்பந்தம். நால்வருக்கே கஜானா காலியாகும்போது, மீதி இடங்களை நிரப்ப மலிவான இளைஞர்கள் வேண்டும். அந்த மலிவான இளைஞர்களைத் தருவது டிராஃப்ட்தான். அந்த டிராஃப்ட் உரிமைகளையே ஆர்லாண்டோ விற்றிருக்கிறது. இந்த வாதத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில ஆண்டுகளில் இந்த நால்வரில் ஒருவரை விட்டுக்கொடுக்கும் நாள் வரக்கூடும். ஆனால் 2025இல் நிர்வாகத்தின் கையில் இளைஞர்கள் இல்லாமலில்லை. ஆந்தனி பிளாக், டிரிஸ்டன் டா சில்வா இருவரும் முதல் ஒப்பந்தத்திலேயே இருந்தார்கள். அந்த ஆண்டு டிராஃப்டின் 16ஆம் தேர்வைப் பேனுக்காகக் கொடுத்த பிறகும் 25ஆம் தேர்வு மிச்சமிருந்தது. அதில் ஜேஸ் ரிச்சர்ட்சனை எடுத்தார்கள். அந்த 25ஆம் தேர்வு வந்த வழி கவனிக்கத்தக்கது. 2021 மார்ச் 25 அன்று வெல்ட்மன் ஒரே நாளில் நிகோலா வூசெவிச், ஏரன் கார்டன், எவான் ஃபோர்னியே மூவரையும் விற்று அணியைக் கலைத்தார். கார்டனுக்காக டென்வர் கொடுத்த உரிமை அது. வூசெவிச்சுக்காகச் சிகாகோ கொடுத்த உரிமையில்தான் வாக்னர் வந்தார். நான்காண்டு பொறுமையாகச் சேர்த்தவர், சேர்த்ததில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் செலவழித்திருக்கிறார். சம்பளச் சட்டம் எந்த அணியையும் நெடுங்காலம் ஒன்றாக இருக்க விடாது என்றால், ஒன்றாக இருக்கும் சில ஆண்டுகளை வீணாக்காமல் இருப்பதுதான் நிர்வாகத்தின் கடமை. சட்டம் கடுமையானது என்பது வாங்காமல் இருப்பதற்கான வாதமல்ல, சீக்கிரம் வாங்குவதற்கான வாதம்.

அதிலும் ஆர்லாண்டோவைப் போன்ற ஊருக்குக் காலம் இன்னும் குறைவு. 1992இல் முதல் தேர்வாக வந்த ஷகீல் ஓ'நீல் நான்கே சீசன்களில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். 2004இல் முதல் தேர்வாக வந்த ஹோவர்ட் எட்டு சீசன்களுக்குப் பிறகு அதே லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். ஓ'நீல் காலத்தில் அந்த அணியிலிருந்த டென்னிஸ் ஸ்காட் 1995-96இல் 267 மூன்று புள்ளிப் பந்துகளைக் கூடையில் போட்டு அன்றைய சாதனை படைத்தார். ஹோவர்ட் காலத்துக்கு லூயிஸ். இந்த அணி இறுதிச்சுற்றை எட்டிய 1995, 2009 ஆகிய இரண்டு முறையும், பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் நம்பகமான ஷூட்டர் ஒருவர் இருந்திருக்கிறார். 2025 கோடையில் பான்கேரோ மூன்று சீசன்களை முடித்திருந்தார். அந்த மே மாதம் பாஸ்டனின் டேட்டமுக்குக் குதிகால் தசைநார் அறுந்து, கிழக்குப் பிரிவின் வாசல் திறந்துகிடந்தது. இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று சொல்லும் நிர்வாகத்தை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். வேலை போகாது, பத்திரிகைகள் திட்டாது. நட்சத்திர வீரரின் இளமை மட்டும் போய்விடும். என்பிஏயில் பல அணிகள் ஆண்டுக்கணக்கில் தேறாமல் கிடப்பது அவசரப்பட்டதால் அல்ல, இந்தப் பாதுகாப்பான தயக்கத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

நிர்வாகத்தின் வேலை ஜூன் 15 அன்று முடிந்தது. அதன்பின் பொறுப்பு களத்துக்கு மாறிவிடுகிறது. பேனை மூலையில் நிறுத்திவைத்து, பான்கேரோ தனியாகப் போராடும்போது பந்து வருமா என்று காத்திருக்க விட்டால், கால்டுவெல்-போப் கதையே திரும்பவும் நடக்கும். சக வீரர் காவலரை மறித்து நின்று அமைக்கும் திரைக்குப் பின்னால் அவரை ஓடவிட வேண்டும். சில நேரங்களில் பந்தை அவர் கையிலேயே கொடுத்து, வாக்னரைப் பந்தில்லாமல் வெட்டி ஓடச் சொல்ல வேண்டும். வாங்கிய பொருளைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் அது வாங்கியவரின் பிழையாகப் பேசப்படும். இந்த முடிவைப் பின்னாளில் மதிப்பிடுபவர்கள் வாங்கியதையும் பயன்படுத்தியதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பேன் வந்த நாளில், ஆர்லாண்டோ ஒரு பிளே-ஆஃப் தொடரைக் கடைசியாக வென்று 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.